பால்கா: தீக்குப் பிறகு பூக்கும் புல்மரம் – கேள்வி பதில்

கே: ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கத்துக் காட்டில் பார்த்தேன் சார். கரித்தூண் மேல் பச்சைத் துடைப்பத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. புல்லா, பனையா?

இரண்டும் இல்லை. அந்தப் பகுதியின் பழங்குடிகளான நூங்கார் மக்கள் அதை பால்கா என்பார்கள். தாவரவியல் பெயர் சாந்தோரியா பிரெய்சீ. நம்ம சோற்றுக்கற்றாழையின் குடும்பம்! இலையை மடக்கிப் பாருங்கள். புல் வளையும், இது படக்கென்று முறியும். முறிந்த இடம் நாற்பட்டையாக இருக்கும்.

கே: என் உயரம் இருந்தது. என்ன வயதிருக்கும்?

தண்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ.தான் ஏறும். நூறைத் தாண்டியிருக்கலாம். ஆண்டு வளையம் கிடையாது, எண்ண முடியாது.

கே: அது வேறெங்கும் வளராதா அண்ணா?

இயற்கையாக மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும்தான். கடலோர மணல், டார்லிங் மலைச்சரிவில் ஜாரா மரங்களுக்கு அடியில் உள்ள செம்புறைச் சரளை, இரண்டிலும் பார்க்கலாம். மழை குளிர்காலத்தில், கோடையில் வறட்சி. அப்புறம் தீ.

கே: தீயில் செத்துப்போகாதா?

பெரும்பாலும் இல்லை. பட்டை மாதிரித் தெரிவது உண்மையில் பழைய இலைகளின் அடிப்பாகங்கள். பிசின் அவற்றை இறுக ஒட்டிவைத்திருக்கிறது. அந்தக் கவசம் கருகும், உள்ளே குருத்து தப்பிவிடும். கொஞ்ச நாளில் கரிக்கு நடுவே பச்சை எட்டிப்பார்க்கும். புகையிலுள்ள எத்திலீன் பூக்கவும் தூண்டுகிறது. அடுத்த வசந்தத்தில் ஆளுயரத்துக்கு மேல் பூக்கதிர்கள். கதிரில் வெயில் விழும் வடக்குப் பக்கத்துப் பூக்கள்தான் முதலில் விரியும், தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கம் அல்லவா! தேன் வழியும் அந்தப் பூக்களை நூங்கார் மக்கள் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தார்கள். பிசினைச் சூடாக்கி, கரி கலந்து, கோடாலிக் கல்லைக் கைப்பிடியில் ஒட்டினார்கள்.

கே: ஒன்றைத் தோண்டி வந்து தோட்டத்தில் வைக்கலாமா?

வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். வேர் அறுந்தால் உடனே வாடாது. ஓரிரண்டு வருடம் பச்சையாகவே நின்று ஏமாற்றிவிட்டுச் சாகும். நர்சரியில் விதையில் வளர்த்த கன்று வாங்குங்கள், தண்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

கே: நடைபாதையில் செருப்பைத் தேய்க்க பிரஷ் வைத்திருக்கிறார்களே, எதற்கு?

பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்காக. ஈரமண்ணோடு செருப்பில் ஒட்டிப் பயணம் போகும். தீயைத் தாங்கும் பால்கா இதைத் தாங்காது. இலை பழுத்து, தலை சாய்ந்துவிடும். திரும்பும்போது மட்டுமல்ல, உள்ளே போகும்முன்னும் தேய்த்துவிட்டுப் போங்கள்.