கடலோரக் கோவிலின் பழைய கால் ஆர்மோனியத்தில் புதிய ஆர்கன் இசை வாசிக்க முடியுமா?

கேள்வி: வெளிநாடுகளில் புதிய ஆர்கன் இசைக்கென்றே பன்னாட்டு விழா நடத்துகிறார்கள். பாம்பன் பக்கம் எங்கள் கிறிஸ்தவக் கோவிலில், காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் பழைய கால் ஆர்மோனியம் ஒன்றுதான் கிடக்கிறது. அதை வைத்து அப்படி ஒரு மாலை நடத்தலாமா?

நடத்தலாம். இன்றைய ஆர்கன் இசையில் ஒரு பகுதி காற்றோடு விளையாடுவது: நெடுநேரம் நீளும் சுரம், காற்று இறங்க இறங்க ஓயும் ஒலி, பாதி இழுத்த ஸ்டாப்பின் (ஒலிவரிசையைத் திறந்து மூடும் குமிழின்) கம்மல். கீபோர்டில் இவை போலியாகத்தான் வரும். மிதிக்கிற பெட்டியில் நிஜமாகவே வரும். வராதது ஒன்று உண்டு. குழாய் ஆர்கனில் கால்களும் சுரம் வாசிக்கும், அதற்கென 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். உங்கள் பெட்டியில் கால் துருத்திக்கே சரியாகப் போய்விடும். ஆகவே கைக்கட்டைக்கு மட்டும் எழுதிய இசையைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் துருத்தியைப் பாருங்கள். ஸ்டாப்புகளை உள்ளே தள்ளி, பின்பலகையைக் கழற்றி, மிதி இறுகும்வரை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். காற்றுப்பை அரை நிமிடம் தாங்கினால் நல்லது. பத்து எண்ணுவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் எங்கோ கசிகிறது. மடிப்பு ஓரம் வெடித்திருக்கும், இல்லையேல் எலி கடித்திருக்கும். ரெக்சினை ஃபெவிகால் வைத்து ஒட்டிவிடுவது இங்கே வழக்கம். ரெக்சின் தடிப்பு, சரியாக மடியாது. அந்தப் பசையோ அடுத்த பழுதுக்குப் பிரிக்க விடாது. மெல்லிய ரப்பர் பூசிய துணியும், தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும்தான் சரி. வச்சிரம் மழைக்கால ஈரத்தில் இளகும் என்பதால் அந்த வேலையை வெயில் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊமையான ரீடில் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கில்) பெரும்பாலும் தூசியோ பச்சைக் களிம்போதான் இருக்கும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். பித்தளைதானே என்று புளி போட்டு விளக்க வேண்டாம். உலோகம் அரிக்கப்பட்டால் சுருதி மாறிவிடும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். பழக்கமில்லாதவர் இரண்டையும் தொடக்கூடாது. இறுகும் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது இன்னொரு தவறு. அது பிசினாகித் தூசியைச் சேர்க்கும். பென்சில் முனைத் தூள் தூவினால் போதும்.

ஒலி நீள வேண்டிய இடத்தில் விரலுக்குப் பதில் எடை வைக்கலாம். ஜெர்மனியின் ஹால்பெர்ஸ்டாட் ஊரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ஆர்கன் இசையொன்று 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கி இன்னும் நடந்துவருகிறது. 639 ஆண்டுகள் நீளும். அங்கே சிறு மணல் பைகள்தான் கட்டைகளை அமுக்கி வைத்திருக்கின்றன. நம் கரையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு அதைவிட வசதி. துணியில் சுற்றி, சுமார் 100 கிராமில் தொடங்கி, ஒலி நிலைக்கும்வரை கூட்டுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் பல கட்டைகளை அமுக்கினால் காற்று மளமளவென்று இறங்கும். எத்தனை தாங்கும் என்று ஒத்திகையில் எண்ணிவைத்துக்கொள்ளுங்கள்.

நாதஸ்வரமோ வயலினோ சேர்வதாக இருந்தால் சுருதியை முன்பே அளந்துவிடுங்கள். பழைய பெட்டிகள் சில இன்றைய 440 ஹெர்ட்ஸ் அளவைவிடக் கூடுதல் சுருதியில் இருக்கும். வயலினை ஏற்றிக்கொள்ளலாம், பெட்டியை இறக்குவது பெரும் வேலை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மரம் உப்பி, அமுக்காத கட்டையும் தானே ஒலிக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் உள்ளே ஏறி, இரும்புச் சுருள்கம்பிகள் துருப்பிடிக்கும். ஜனவரி கடைசியிலிருந்து சாம்பல் புதனுக்கு முன்புவரை நல்ல இடைவெளி. தவக்காலத்தில் பங்குத்தந்தை சம்மதிப்பது அரிது. கத்தோலிக்கக் கோவில் என்றால் 1987-இல் வத்திக்கான் தந்த நெறிமுறை ஒன்று உண்டு: ஆயருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நுழைவுக்குக் கட்டணம் கூடாது. உங்கள் பகுதிக்குச் சிவகங்கை மறைமாவட்டம்.

முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.