நின்றால் சூடு, ஓடினால் சரி: ஃபேனைப் பாருங்கள்

வண்டி சூடேறுகிறது, தெர்மோஸ்டாட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மாற்றியும் தீரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இன்னொரு முறை மாற்ற வேண்டாம். நெரிசலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறுகிறது, வண்டி வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன்தான் ஓடவில்லை. ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் கதியில்லை.

வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் அசையவில்லையா? உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

நன்றாக ஆறியதும் ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட இரண்டு தடித்த ஒயர்களால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். சுற்றவே இல்லை, அல்லது முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது என்றால் மோட்டார் போய்விட்டது. பழைய வண்டிகளில் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருக்கும். விர்ரென்று சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), ரேடியேட்டரில் திருகியிருக்கும் ஃபேன் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். ரிலேயின் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள், நான் இரண்டு வண்டிகளில் பார்த்த கோளாறு அதுதான்.

ஃபேன் ஒழுங்காக ஓடியும் சூடேறினால் நான் சொன்னது பொருந்தாது. தெர்மோஸ்டாட் மாற்றியபோது உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அந்தக் காற்றை வெளியேற்றிக் கூலன்ட்டை நிரப்புங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம்.