மகள் சிற்பம் படிக்கிறாள், யோசனை வரவில்லை என்கிறாள்: என்ன செய்யலாம்?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பக்கலை மூன்றாம் ஆண்டு. "இறுதியாண்டுக்கு விலங்குச் சிற்பம் செய்யப்போறேன்னு சொன்னா. இப்ப ராத்திரி முழுக்க போன்ல படம் பார்த்துக்கிட்டே இருக்கா. கேட்டா, ஐடியாவே வரலம்மான்னு அழுவுறா. பொம்மை செய்யவா நாலு வருஷம்னு அவ அப்பா சத்தம் போடுறார். நிறுத்திட்டு வேற டிகிரி சேர்த்துவிடலாமா?" இதுதான் கேள்வி.

அம்மா, நிறுத்த வேண்டாம். மூன்றாம் வருடம் வரை வந்தாகிவிட்டது, இதை முடித்தால் இன்னும் ஒரு வருடம்தான். ஐடியா வரவில்லை என்று அழுகிற பிள்ளைக்கு அந்த வேலையில் அக்கறை இருக்கிறது என்று பொருள். அக்கறை இல்லாத பிள்ளைகள் இணையத்தில் கிடைக்கிற யானையைப் பார்த்து அப்படியே ஒன்று செய்துவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். வேலை, வருமானம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் மகளிடம் நேராகப் பேசிவிடுகிறேன், கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, இனி உனக்கு. "விலங்குச் சிற்பம்" என்று நீ வைத்திருப்பது கடை வாசலில் "பொருட்கள் கிடைக்கும்" என்று போர்டு மாட்டுவது மாதிரி. என்ன பொருள் என்று உனக்கே தெரியாதபோது யோசனை எங்கிருந்து வரும்? ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடு. சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ போய் இன்று பார்த்த அதே விலங்கை நாளையும் பார்க்க முடிய வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். சிங்கமும் புலியும் இதில் அடிபட்டுப் போகும். போகட்டும்.

போன் படத்தில் என்ன குறை தெரியுமா? படம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் மாட்டுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. சிற்பத்தை ஆட்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். பின்பக்கம் இடுப்பெலும்பு எப்படித் துருத்தும், மேலிருந்து பார்த்தால் வயிறு எந்தப் பக்கம் சரியும் என்பதையெல்லாம் எந்தப் படமும் சொல்லாது. தொழுவத்தில் ஒரு மணி நேரம் நின்றால் தெரியும்.

உன் ஊரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து கொருக்கை கிட்டம்தான். அங்கே அரசு கால்நடைப் பண்ணையில் உம்பளச்சேரி மாடுகளை வளர்க்கிறார்கள். டெல்டாவின் சேற்று வயலுக்கென்றே வந்த இனம். காங்கேயம் மாட்டைவிடக் குட்டை, கால் சிறுசு, உடம்பு கட்டுமஸ்து. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் நிறம். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். வேலைக்காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். இப்போது யோசி: கொம்பில்லாத காளையைச் செய்தால் அது காளை என்று எதை வைத்துக் காட்டுவாய்? திமிலா, கழுத்துச் சதையா, நிற்கும் விதமா? இந்த மாதிரி ஒரு கேள்வி கையில் கிடைத்தாலே உனக்கு ஆறு மாத வேலை இருக்கிறது.

வரையப் போகும்போது மூன்று விஷயம் கவனி. ஒன்று, தோள்பட்டை. நமக்குக் கழுத்துக்குக் கீழே தோள்வரை ஓடுகிற காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. முன்னங்காலும் தோள்பட்டை எலும்பும் சதையால்தான் உடம்போடு பிணைந்து நிற்கின்றன. அதனால் நடக்கும்போது அந்த எலும்பின் மேல்முனை முதுகுக்கோட்டில் ஏறி இறங்கும். மாணவர்கள் செய்யும் மாடு மரக்கட்டைபோல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதைப் பார்க்காததுதான் காரணம். இரண்டாவது, பின்னங்கால். பின்பக்கம் வளைந்து தெரிவது முட்டி என்று நினைத்துச் செய்கிறார்கள், அது குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. மூன்றாவது, எழுந்திருப்பது. மாடு முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், முன்னங்காலில் மண்டியிட்டபடியே ஒரு கணம் நிற்கும், அப்புறம்தான் முன்பக்கம் எழும். குதிரை நேர்மாறு. இப்போது கோவிலுக்குப் போய் நந்தியைப் பார். பல நந்திகளில் ஒரு முன்னங்கால் மடங்கியிருக்க, மற்றது குளம்பை ஊன்றி இதோ எழப்போகிறேன் என்பதுபோல் இருக்கும். நிஜ மாடு அப்படி எழாது. சிற்பிக்கு மாடு தெரியாதா? தெரியும். படுத்திருக்கும் மாட்டில் விழிப்பைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட உரிமை என்று நான் நினைக்கிறேன். நீ எதை எடுத்துக்கொள்ளப்போகிறாய் என்று உன் நோட்டில் எழுது.

எலும்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய், உடற்கூறியல் துறையில் எலும்புக்கூட்டை வரைய அனுமதி கேள். சிற்ப மாணவி வந்து கேட்டால் ஆச்சரியப்படுவார்களே தவிர விரட்டமாட்டார்கள்.

கோவில் சிற்பத்தைப் பார்த்து அப்படியே செய் என்று உன்னிடம் யாராவது சொன்னால் கேட்டுக்கொள், ஆனால் அதோடு நிற்காதே. அந்தச் சிற்பி எந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறார் என்று தேடு. கல்லில் நான்கு மெல்லிய கால்மேல் கனத்த உடம்பை நிறுத்துவது கஷ்டம், உடையும். படுத்த நந்திக்கு அந்தக் கவலையே இல்லை. தாராசுரம் கோவிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை. இரண்டுக்கும் பொருந்துகிற கண் எங்கே, கொம்பு தந்தமாகிற இடம் எது என்று பென்சிலோடு உட்கார்ந்து கண்டுபிடி.

உனக்கு நான் கட்டாயம் கொடுக்க நினைக்கும் பயிற்சி தஞ்சாவூரில் இருக்கிறது. அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனதேவர் செப்புத் திருமேனி, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிவன் கால் மாற்றி ஒய்யாரமாக நிற்கிறார், ஒரு கை மாட்டின்மேல் சாய்ந்த பாவனையில் இருக்கிறது. மாடு இல்லை. ஆயிரம் வருடத்தில் அது எங்கோ போய்விட்டது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தாலே மாடு எவ்வளவு உயரம், எவ்வளவு பக்கத்தில் நின்றது, முரண்டு பிடிக்கிற மாடா சாது மாடா என்றெல்லாம் ஊகிக்க முடிகிறது. அந்த மாட்டைச் செய். திருமேனியின் படத்தை அளவோடு வரைந்து, கை நிற்கும் உயரத்தைக் குறித்து, களிமண்ணில் ஒரு சாண் அளவில் அந்த மாட்டை உருவாக்கிப் பார். கையின் கனம் முதுகில் இறங்கினால் மாடு எந்தக் காலில் பாரம் போடும்? தலையைத் திருப்பி அவரைப் பார்க்குமா, பார்க்காதா? செய்து முடித்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். சிவன் இல்லாமல் அந்த மாட்டை மட்டும் வைத்தால், அதன்மேல் ஒரு கை இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியுமா? உங்கள் ஊரில் டிராக்டர் வந்தபிறகு பரணில் கிடக்கும் நுகத்தடியையும் இதோடு சேர்த்து யோசி. மேலே நான் சொன்னால் அது என் சிற்பமாகிவிடும்.

யோசனையை வளர்க்கிற வேலை கையில்தான் நடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அளவில் களிமண் மாதிரிகள் செய், நிறைய. ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்று: தலை தாழ்ந்தால், கழுத்தை நீட்டினால், காலைப் பாதியில் வெட்டினால். "மாடு" என்று எழுதாமல் வினைச்சொல்லாக எழுது. நக்குகிறது, முட்டுகிறது, அசைபோடுகிறது, சேற்றில் காலை இழுக்கிறது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொண்டிருக்கும் பசு இன்றைக்கும் நம்மை நிறுத்துவது அந்த நக்குதலால்தான். கூடவே பொருளையும் மாற்றிப் பார். வைக்கோல் பிரி, தேங்காய் நார், மூக்கணாங்கயிறு, பழைய மோட்டார் உதிரி. 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். அதையே திரும்பச் செய்துவிடாதே, அது ஏற்கெனவே நிறையப் பேர் செய்தாயிற்று.

மாடு பிடிக்கவில்லையா? அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக் கூட்டம் இருக்கிறது. தனி வாத்தைவிடக் கூட்டமாகத் திரும்புகிற வடிவம்தான் அழகு. உழுகிற டிராக்டர் பின்னால் வருகிற மடையான், வரப்பு நண்டு, குளத்து எருமை எல்லாம் இருக்கின்றன. கோடியக்கரையில் வெளிமானும் காட்டுக்குதிரையும் உண்டு, குளிர்காலத்தில் பூநாரை வரும். மானுக்கு உள்ளே கம்பிக்கூடு பலமாக வேண்டும், இல்லாவிட்டால் கால் நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே மான்களையும் குதிரைகளையும் கொன்றது. அதைத் தொட நினைத்தால் முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசு. கேள்விப்பட்ட துக்கத்தை வைத்துச் செய்கிற சிற்பம் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கைவேலைக்காரர்களிடம் கற்பதைக் குறைவாக நினைக்காதே. அறந்தாங்கி பக்கம் அய்யனாருக்குப் புரவி செய்யும் வேளார்கள் உருளையான நான்கு காலை முதலில் நிறுத்திவிட்டு, அதன்மேல் உடம்பை உள்ளே பொள்ளலாகவே வளர்த்துக்கொண்டு போவார்கள். களிமண்ணில் மணலும் உமியும் சேர்ப்பது காயும்போது வெடிக்காமல் இருக்க. பெரிய சுடுமண் சிற்பம் செய்ய உன் வகுப்பில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைகள் உன் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதை நின்று பார். மெழுகு உருகி வெளியேறி, உலோகம் உள்ளே போனபிறகு அச்சை உடைக்க வேண்டும். அதனால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். போகும்போது சும்மா போகாதே, ஒரு நாள் மண் பிசைந்து கொடு.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி பிரான்சுவா போம்போன் பல வருடம் புகழ்பெற்ற சிற்பி ரோடினிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். பாரிஸ் மிருகக்காட்சிச் சாலையில் விலங்குகளை விடாமல் பார்த்து, மயிரையும் மடிப்பையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய், 1922இல் ஒரு வெள்ளைக்கரடிச் சிற்பத்தைக் கண்காட்சியில் வைத்தார். அப்போது அவருக்கு வயது 67. வழவழப்பான ஒரே உருவம், ஆனால் நடக்கிறது. மயிரை முதலில் நன்றாகப் பார்த்திருந்தால்தான் அதை நீக்கவும் முடியும்.

அம்மா, மறுபடி உங்களுக்கு. வருமானத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். படித்து முடித்த முதல் சில வருடம் சம்பளம் ஒரே சீராக வராது. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு அறிவிப்பு எப்போதாவதுதான் வருகிறது. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். சினிமா கலைத்துறை, அருங்காட்சியகம், பூங்காச் சிற்பம், கோவில் வாகனம் செய்யும் பட்டறை, தனியார் ஆர்டர் என்று பல சின்ன வாசல்கள் உண்டு. நான் இப்போது அதிகம் சொல்வது கணினி வழி. அனிமேஷன், கேம் நிறுவனங்களில் முப்பரிமாண உருவம் செய்பவர்கள் தேவை. மென்பொருளைச் சில மாதத்தில் கற்றுவிடலாம். மாட்டின் தோள்பட்டை எப்படி ஏறி இறங்கும் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இப்போதே தொடங்கலாம்.

மேலே படிக்க ஆசைப்பட்டால் சென்னை, பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் பல்கலைக்கழகம் என்று இடங்கள் இருக்கின்றன. அங்கே நேர்காணலில் முடித்த சிற்பத்தின் போட்டோவைவிட நோட்டுப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். அதனால் அவள் கிழித்துப்போடுகிற ஓவியங்களை எடுத்துத் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு 2 ஆண்டு உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய். சிற்பமும் அதில் உண்டு. விதிகள் மாறக்கூடும் என்பதால் அறிவிப்பு வரும்போது ஒருமுறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைபரில் (கண்ணாடியிழையில்)தான் செய்ய வேண்டும் என்று வகுப்பில் பேச்சு வரும். மார்க்குக்கு அது அவசியமில்லை. சுடுமண்ணில் நல்ல வேலை செய்தால் போதும், உங்கள் ஊர் மண்ணே கிடைக்கிறது. ஃபைபர் செய்தே தீர வேண்டுமென்றால் மாஸ்க் இல்லாமல் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அவள் அப்பாவிடம் வாதாட வேண்டாம். தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மாடு கட்டி உழுதவர் என்றால் அந்தக் கைக்குக் கீழே மாடு எப்படி நின்றிருக்கும் என்று உங்கள் மகளைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் சொல்வதை அவள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். எந்த விலங்கு என்று முடிவானதும், நான்கு பக்கத்திலிருந்தும் வரைந்த ஒரு தாளோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த அளவில் செய்யலாம், எந்தப் பொருள் சரிவரும் என்று பதில் போடுகிறேன்.