மாடிக்கும் தொட்டிக்கும் நடுவில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் 5,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். மொட்டை மாடி சுமார் 100 சதுர மீட்டர், ஓரத்தில் முருங்கை மரம். இலைச் சல்லடை, ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் குழாய், பெரிய வடிகட்டி, மிதவைக் குழாய், கிருமிகளைக் கொல்லும் யூவி விளக்கு என்று கடைக்காரர் நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு மாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். மழை பெய்து ரொம்ப நாளான தரையில் ஒரு சாண் இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஏறும் கறுப்புத் தூசியும் பறவை எச்சமும்தான் அடுத்த மழையின் முதல் சில நிமிடங்களில் கரைந்து குழாயில் இறங்கப் போகிறவை. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குப் போகவிடாமல் தனியாக ஒதுக்குவதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ். என் வீட்டில் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்குவேன்.

ஆனால் அளவு பார்த்து வாங்குங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் மாடியில் முதல் 1 மி.மீ. மழையை ஒதுக்கவே 100 லிட்டர் கொள்ளும் இடம் வேண்டும். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும், 6 அங்குலத்தில் சுமார் 18 லிட்டர். ஆகவே ஒரு மீட்டர் குழாயைச் சுவரில் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அளவுக்கு, மூடியுள்ள 100 லிட்டர் டிரம்மைக் குழாயோடு இணைப்பதே சரி.

இது வேலை செய்யும் விதம் எளிது. அழுக்குத் தண்ணீர் நிரம்ப நிரம்ப உள்ளே இருக்கும் பந்து மிதந்து மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வரும் தண்ணீர் தொட்டிப் பக்கம் திரும்பும். ஒதுங்கிய தண்ணீர் அடியில் உள்ள சின்னத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடுத்த மழைக்குள் காலியாகிவிட வேண்டும்.

அந்தத் துளையில்தான் நான் கோட்டை விட்டேன். அடி மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டே மழையில் துளை சேறு பிடித்து அடைத்துக்கொண்டது. அப்புறம் குழாய் எப்போதும் நிறைந்தே இருந்தது, பந்தும் மேலேயே நின்றது. மாடி அழுக்கு முழுக்க நேராகத் தொட்டிக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் தொட்டியைத் திறந்தபோது வந்த அழுகல் வாடை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் குழாயை அறுத்துத்தான் மூடியை எடுத்தேன். அதனால் கையால் திருகிக் கழற்றும் மூடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெரிய மழை நின்றதும் அதைத் திறந்து ஒரு தடவை கழுவிவிடுங்கள்.

அடுத்தது இலைச் சல்லடை. முருங்கை இலை சின்னது. ஈரமான சல்லடையில் விழுந்தால் அப்படியே அப்பிக்கொள்ளும். படுக்கையாக வைத்த சல்லடையை ஒரே மழையில் மூடிவிடும். சரிவாக வைத்தால் வரும் தண்ணீரே இலைகளை இழுத்து வெளியே தள்ளும். 5 மி.மீ. அளவுக் கண் உள்ள சல்லடை இங்கே போதும். இன்னும் பொடியான கண் வைத்தால் தினமும் ஏறித் துடைக்க வேண்டிவரும்.

மூன்றாவது, தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் குழாய். இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, அது எனக்கு வருத்தம். மாடியில் விழுவதில் கொஞ்சம் வீணாவதைக் கழித்தாலும், 60 மி.மீ. மழை பெய்தால் உங்கள் தொட்டி நிரம்பிவிடும். உள்ளே வரும் குழாய் 4 அங்குலம் என்றால் வெளியேறும் குழாயும் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டியின் அடிமண்ணை அரிக்கும். இந்தக் குழாயின் முனையில் கொசு வலை கட்டாயம் வேண்டும், அதுவும் கை எட்டும் இடத்தில்.

தண்ணீர் உள்ளே விழும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, முனையில் இரண்டு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிடச் சொல்லுங்கள். அடியில் படிந்த வண்டல் கலங்காது. செலவு குறைவு, பலன் அதிகம். மிதவைக் குழாய் நல்ல பொருள்தான், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ள தெளிந்த தண்ணீரை எடுத்துத் தரும். இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து 10 செ.மீ. மேலே வைத்திருந்தால் சமாளிக்கலாம். யூவி விளக்கு கடைசி. கலங்கிய தண்ணீரில் அந்த ஒளி ஊடுருவாது. அதுவரை குடிக்க எடுக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்த வடிகட்டியின் மேல் ‘நிமிடத்துக்கு 30 லிட்டர்’ என்று போட்டிருக்கிறது. மாடி 100 சதுர மீட்டர், மழைநீர் இறங்கும் குழாய் ஒன்றுதான். இது போதுமா?

பதில்: போதாது. அடித்துப் பெய்யும் மழை ஒரு மணி நேரத்துக்கு 60 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர மீட்டருக்கு அது 6,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர். உங்கள் வடிகட்டி மணிக்கு 18 மி.மீ. மழைக்கே திணறிவிடும். அதற்கு மேல் வருவது குழாயில் ஏறி மாடியில் தேங்கும், இல்லாவிட்டால் மூட்டுகளில் பீறிடும். நல்ல மழையைத்தான் நாம் சேமிக்க நினைக்கிறோம், அந்த நேரத்தில் கைவிடுகிற வடிகட்டி எதற்கு? இறங்கு குழாய் இரண்டாக இருந்து மாடியும் பாதிப் பாதியாகச் சரிந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 50 லிட்டர் வடிகட்டும் வடிகட்டி போதும்.

இன்னொன்று. கடையிலேயே அதைத் திறந்து, உள்ளே இருக்கும் வலையை வெளியே எடுத்து, திரும்ப மாட்டிப் பாருங்கள். மழையில், வழுக்கும் கையோடு இதைச் செய்யப் போகிறீர்கள். ஸ்பானர் இல்லாமல் திறக்க முடியாதது வேண்டாம். வாஷரும் உள் வலையும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கொசு வலைக்கு நைலானா, இரும்புக் கம்பி வலையா?

பதில்: இரண்டும் வேண்டாம். நைலான் வெயிலில் நைந்து கிழியும், எலியும் கடித்துவிடும். இரும்பு துருப்பிடிக்கும். எவர்சில்வர் வலை வாங்குங்கள், கண் 1 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கிளிப் போட்டு இறுக்குங்கள். வலையும் குழாயும் சேரும் விளிம்பில் இடைவெளி இருந்தால் கொசு அந்த வழியாகப் போய்விடும்.

கேள்வி: எங்கள் வெள்ளைத் தொட்டிக்குள் பச்சையாகப் பாசி படர்கிறது. வடிகட்டியை மாற்ற வேண்டுமா?

பதில்: வடிகட்டியின் மேல் தப்பில்லை. நண்பகலில் தொட்டி மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். சுவர் வெளிச்சமாகத் தெரிந்தால் வெயில் அதன் வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம், பாசி வளர அது போதும். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவிவிட்டு, வெளிப்புறம் முழுக்க ஒளி புகாதபடி அடர்நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு அடியுங்கள், அல்லது மேலே கூரை போட்டு நாலு பக்கமும் மறையுங்கள். மூடியையும் விட்டுவிடாதீர்கள்.