வாசல் காசும் கழகக் கணக்கும்: வாசகர் கேள்வி–பதில்

உதைபந்தாட்டக் கழகங்களின் பணப்பெட்டி பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் தொகையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சென்ற சுற்றுப்போட்டியில் ரிக்கட்டை 100 ரூபாயிலிருந்து 200 ஆக்கினோம். வாசல் காசு கொஞ்சம் கூடியது, சனம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இது லாபமா, நட்டமா? அடுத்த முறை என்ன விலை வைக்கலாம்?
— கழகப் பொருளாளர், உப்புவெளி

வாசல் காசை மட்டும் எண்ணினால் லாபம். முழுக் கணக்கையும் போட்டால் அநேகமாக நட்டம். 100 ரூபாய்க்கு 900 பேர் வந்தால் 90,000. 200 ரூபாய்க்கு 500 பேர் வந்தால் ஒரு இலட்சம். பத்தாயிரம் கூடத்தான். ஆனால் உள்ளே வந்தவர் தேநீர், வடை, சோடா என்று செலவழிப்பதில் கழகத்துக்குத் தலைக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறதென்றால் முதல் கணக்கில் 36,000, இரண்டாவதில் 20,000. கூட்டினால் 126,000, மற்றது 120,000. நானூறு பேர் வராததால் மைதானக் கட்டணமோ நடுவர் படியோ ஒலிபெருக்கி வாடகையோ ஒரு சதம் குறையவில்லை. பாதி வெறுமையான மைதானத்தைப் பார்த்த அனுசரணையாளர் அடுத்த வருடம் பதாகைக் காசைக் குறைத்துக் கேட்பார். அந்த இழப்பு இந்தக் கணக்கில் சேரவேயில்லை.

எனவே அடிமட்ட விலையில் கை வைக்காதீர்கள். அதற்கு மேலே படிகள் கட்டுங்கள். மாலை ஆட்டத்தில் வெயில் மேற்கிலிருந்து வரும். மேற்குப் பக்கம் இருப்பவருக்கு வெயில் முதுகில், கிழக்குப் பக்கம் இருப்பவருக்கு முகத்தில். மேற்கே நடுக்கோட்டுக்கு நேராகப் பந்தல் போட்டு 120 கதிரை வையுங்கள், ஆளுக்கு 300. அதற்கு முன்னால் நடுவில் மேலதிகமாக 20 கதிரை, அவற்றுக்குத் தேநீரும் தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து ஆளுக்கு 1,000. மற்ற எல்லா இடமும் பழைய 100 தான். அதே 900 பேர் வந்தால் வாசல் காசு மட்டும் 76,000, 36,000, 20,000, மொத்தம் 132,000. பந்தல், கதிரை வாடகையைக் கழித்த பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். நின்று பார்க்கும் பொடியனிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை.

பெரிய கழகங்களின் கணக்கும் இதேதான். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் மைதானத்தில் தெற்குப் பக்கம் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். அந்த இடத்தின் விலையைத் தாழ்வாக வைத்து, காசை விருந்தினர் அறைகளிலும் அனுசரணையிலும் எடுக்கிறார்கள். இதற்கு மறுதலையாக நடந்தது லிவர்பூலில். மைதானத்தில் புதிதாகக் கட்டிய இருக்கைப் பகுதியில் உச்ச விலை 77 பவுண் என்று அறிவித்தார்கள். 2016 பெப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடனான ஆட்டத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2–0 என்று முன்னிலையில் நின்றது, ஆட்டம் முடிந்தது 2–2. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள்.

இன்னொன்று: 150 ரூபாய் விலை மட்டும் வேண்டாம். 500 தாளை நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் 350 எண்ணிக் கொடுக்க வேண்டும். ஐம்பது ரூபாய்த் தாள் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், பிறகு வாசலில் சண்டை. 100, 200, 500 என்று ஒரு தாளிலோ இரண்டு தாளிலோ முடிகிற விலையே வாசலுக்கு ஏற்றது. அரையிறுதிக்கும் இறுதிக்கும் கூட்டப் போகிறீர்களென்றால் முதல் நாள் சுவரொட்டியிலேயே அதைப் போடுங்கள். காலிறுதி முடிந்து கூட்டினால் அது ஏமாற்று என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: பார்த்தால் மைதானம் நிறையச் சனம். எண்ணினால் ரிக்கட் காசு பாதிக்குக்கூட வரவில்லை. எங்கே போகிறது?
— வாசகர், கிண்ணியா

நான்கு ஓட்டைகள் இருக்கும். அடைக்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலாவது, வாங்கிய ரிக்கட் திரும்ப விலைப்படுவது. வாசலில் நிற்பவர் கிழிக்காமல் வாங்கி வைத்து விற்பவரிடமே கொடுத்துவிட்டால் ஒரே ரிக்கட் மூன்று தடவை போகும், காசு ஒரு தடவைதான் கணக்கில் ஏறும். இதற்கு மருந்து, விற்பவரும் கிழிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக, பத்து யார் இடைவெளியிலாவது நிற்பது. ரிக்கட்டில் தொடர் இலக்கம் இருக்க வேண்டும். புத்தகத்துக்கு நூறு தாள், ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு: அடிக்கட்டை புத்தகத்தில், நடுத்துண்டு வாசலில் பூட்டிய பெட்டிக்குள், கடைசித் துண்டு பார்வையாளர் கையில். ஒவ்வொரு ஆட்ட நாளுக்கும் வேறு நிறக் கடதாசி. ஆட்டம் தொடங்கும் முன் விற்பவரிடம் கொடுத்த முதல் இலக்கத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்ததும் விற்காமல் மிஞ்சிய முதல் இலக்கத்தை எழுதுங்கள். இலக்க வித்தியாசத்தை விலையால் பெருக்கினால் வருவதே அவர் ஒப்படைக்க வேண்டிய காசு. பெட்டித் துண்டுகளை மறுநாள் எண்ணும்போது தொகை அதோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராத நாளில் எந்த வாசல் என்று உடனே தெரியும், ஏனென்றால் வாசலுக்கு ஒரு புத்தக வரிசைதான் கொடுத்திருப்பீர்கள்.

இரண்டாவது, இலவசம். நிர்வாகி வீட்டார், பழைய வீரர், அனுசரணையாளரின் ஆட்கள் என்று வாய்ச்சொல்லில் உள்ளே போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. இலவசத்துக்கும் இலக்கம் போட்ட ரிக்கட் அடியுங்கள். யாருக்கு எத்தனை என்று முன்கூட்டியே கூட்டத்தில் முடிவெடுங்கள். இலக்கம் போட்டவுடனேயே கேட்பவர் தொகை குறையும். பெயர் பதிவாகிறதே!

மூன்றாவது, இடைவேளையில் வாசலைத் திறந்துவிடும் பழக்கம். அதற்காகவே மதிலோரம் காத்திருக்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ஒரேயடியாகப் பூட்டினால் மதிலேறுவார்கள். இடைவேளைக்குப் பிறகு பாதி விலை என்று வேறு நிற ரிக்கட் விற்று, கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் வாசலைத் திறவுங்கள்.

நான்காவது, வெளியே மோட்டார் சைக்கிளில் ஏறி நின்று பார்ப்பவர்கள். ஏகாம்பரம் மைதானமோ மெக்கெய்சர் அரங்கோ உங்கள் ஊர் வெட்டையோ, தெருப் பக்கம் எங்கே உள்ளே தெரிகிறது என்று ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். மறைப்புக்குக் கறுப்புத் துணியோ தறப்பாளோ கட்டாதீர்கள். ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் காற்று அதைப் பாய்மரம் போலப் பிடித்துக் கம்பத்தோடு சாய்த்துவிடும். நாற்றுமேடைக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலைக்குள்ளால் காற்று போகும், கண்ணுக்கு ஆட்டம் விளங்காது. கம்பம் எட்டடிக்கு ஒன்று, தரையிலிருந்து ஒரு அடி விட்டுக் கட்டுங்கள்.

உண்மையான தலைக்கணக்கு வேண்டுமென்றால் விற்பனையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் விரலால் அமுக்கி எண்ணும் கருவியைக் கொடுத்து வாசலுக்கு உள்ளே நிறுத்துங்கள். அவருடைய எண்ணிக்கைக்கும் பெட்டித் துண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசமே உங்கள் ஓட்டையின் அளவு.

களியாட்ட வரி விடயத்தை ரிக்கட் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே உங்கள் உள்ளூராட்சிச் சபையில் கேட்டு முடித்துவிடுங்கள். அச்சடித்துவிட்டு முதல் நாள் காலையில் முத்திரைக்கு ஓடுகிற கழகங்கள்தான் அதிகம்.

கேள்வி: இங்கிலாந்தில் விமான ரிக்கட் மாதிரி நாளுக்கு நாள் விலை மாற்றுகிறார்களாமே. நாமும் செய்யலாமா?
— மாணவர், நிலாவெளி

டார்பி கவுன்டி கழகம் 2012இல் செய்தது, 2026 உலகக் கிண்ணத்துக்கும் எத்தனை பேர் ரிக்கட் கேட்கிறார்கள் என்பதற்கு ஏற்ப விலை மாற்றப்பட்டது. அதற்கு ஒவ்வொரு இருக்கைக்கும் இலக்கமும் இணைய விற்பனையும் வாரக்கணக்கில் முன்பதிவும் வேண்டும். நம்மூரில் பெரும்பாலான ரிக்கட் ஆட்டத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில்தான் விலைப்படுகிறது. பொருந்தாது. முன்கூட்டி வாங்கினால் 100, வாசலில் 200 என்ற இரண்டு விலை போதும். கடைத்தெருவில் நாலைந்து கடைகளில் புத்தகம் கொடுத்து வையுங்கள். இதனால் வாசல் நெரிசலும் குறையும். பிரித்தானிய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு சுழல்வாசலுக்கு மணித்தியாலத்தில் 660 பேர் என்பதையே உச்சமாக வைக்கிறது. காசும் அங்கேயே வாங்கினால் அதில் பாதிகூட நடக்காது.

கேள்வி: இரண்டாயிரம் பேர் வந்த இறுதியாட்டத்திலும் தேநீர்க் கடையில் வியாபாரம் இல்லை. கடைக்காரரிடம் கொமிசன் வாங்குவதா, வாடகை வாங்குவதா?
— கழகச் செயலாளர், மூதூர்

வியாபாரம் இல்லாமலிருக்காது, நேரம்தான் இருந்திருக்காது. இடைவேளை 15 நிமிடம், அதாவது 900 விநாடி. ஒருவருக்குத் தேநீர் ஊற்றி, வடை சுற்றி, மிச்சக் காசு கொடுக்க 30 விநாடி என்றால் ஒரு கடை 30 பேரைத்தான் அனுப்பும். மூன்று கடைக்கு 90 பேர். வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன மற்றவர்களின் காசுதான் நீங்கள் தேடுவது.

ஒருவருக்கு 15 விநாடியாக்கினால் வியாபாரம் இரட்டிக்கும். காசு வாங்க ஒருவர், சாமான் கொடுக்க ஒருவர். தேநீரை இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே பெரிய பிளாஸ்குகளில் நிரப்பிவிடுங்கள். கடலையைச் சுருளிலும் வடையை இரண்டிரண்டாகப் பையிலும் போட்டு வையுங்கள். விலை எல்லாம் 50 அல்லது 100. இன்னும் சுலபமான வழி, வாசலிலேயே ரிக்கட்டோடு 100 ரூபாய்த் தின்பண்டச் சீட்டைச் சேர்த்து 200க்கு விற்பது. காசு முன்பே கையில், கடையில் சீட்டை வாங்கிக்கொண்டு பையை நீட்டினால் சரி. ஒரே பக்கத்தில் எல்லாக் கடையும் வேண்டாம். கிழக்குப் பக்கம் நிற்பவர் 15 நிமிடத்தில் மைதானத்தைச் சுற்றி வந்து, வரிசையில் நின்று வாங்கி, திரும்ப முடியாது.

கொமிசன் வேண்டாம், நிலையான வாடகையே நல்லது. எத்தனை வடை விலைப்பட்டது என்று நீங்கள் நின்று எண்ணப் போவதில்லை. ஆரம்பச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று வாடகை வைத்து ஆட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஐஸ்பழத்துக்கு ஒருவர், கச்சான் கடலைக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தால் வாடகை கூடக் கொடுக்க வருவார்கள். தேநீருக்கு மட்டும் இருவரை விடுங்கள். தண்ணீர்ப் போத்தல் விற்பனையைக் கழகம் வைத்துக்கொள்ளட்டும், அதில் கைவேலையே இல்லை.

நேரத்தையும் பாருங்கள். ஆட்டமும் இடைவேளையும் தாமதமும் சேர்த்து ஒரு மணி ஐம்பது நிமிடம் போகும். ஆடியில் சூரியன் மறைய ஆறரை அளவில் ஆகும், மார்கழியில் ஆறுக்கு முன்பே மறைந்துவிடும். ஆடியில் நான்கு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஐந்து ஐம்பதுக்கு முடிந்தால், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குப் போகிறவர் அவசரமில்லாமல் போவார். மேலதிக நேரமும் தண்டனை உதையும் வரக்கூடிய ஆட்டத்தை மூன்றரைக்கே தொடங்குங்கள். இல்லாவிட்டால் சனம் கடைசி உதைக்கு முன்பே கலையும், பரிசளிப்பில் அனுசரணையாளர் வெறும் கதிரைகளுக்குப் பேசுவார்.

கேள்வி: வருட ரிக்கட் அறிமுகப்படுத்தலாமா? தள்ளுபடி எவ்வளவு?
— வாசகர், பாலையூற்று

சொந்த மைதானத்தில் ஆட்டங்கள் உறுதியாக எட்டு, பத்து இருந்தால் மட்டும். பத்து ஆட்டத்துக்கு ஏழு ஆட்டத்தின் விலை வாங்கலாம். விலையை அதற்குக் கீழே இறக்கினால் எப்படியும் வரப் போகிறவரிடமே நட்டப்படுவீர்கள். படம் ஒட்டிய அட்டையாகக் கொடுங்கள், பின்பக்கம் பத்துக் கட்டம், வாசலில் ஒவ்வொன்றாகத் துளை. இல்லையென்றால் ஒரு அட்டையில் ஒரு குடும்பமே வரும். முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஆட்டம் ஆட ஆடப் பத்தில் ஒன்றாக எடுங்கள். முதல் மாதமே அதில் சீருடை வாங்கிவிட்டு ஏழாவது ஆட்டத்துக்கு நடுவர் படிக்குக் கடன் கேட்கிற நிலைமை வேண்டாம்.

கேள்வி: பெண்கள், பிள்ளைகள் வருவதேயில்லை. ரிக்கட் இலவசமாக்கினால் வருவார்களா?
— ஆசிரியை, திருகோணமலை நகர்

விலை காரணமில்லை. மலசலகூடமும் உட்கார இடமும்தான் காரணம். தண்ணீரும் உட்தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ள தனி மலசலகூடம், மேற்குப் பக்கம் கயிறு கட்டிப் பிரித்த இடம், அங்கே பாய் அல்லது வாங்கு, பொறுப்புக்குக் கழகப் பெண்கள் இருவர். இதைச் செய்துவிட்டுப் பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவருக்கு 500 ரூபாய்க் குடும்ப ரிக்கட் வையுங்கள். பிள்ளைகளோடு வருகிற குடும்பம் தின்பண்டத்துக்குச் செலவழிப்பதை இளைஞர் கூட்டம் செலவழிக்காது. இதை ஏன் கழகங்கள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

கேள்வி: வாசலில் கியூஆர் மூலம் காசு வாங்கலாமா?
— வாசகர், நகர்

கடைகளில் முன்விற்பனைக்கு நல்லது. வாசலில் சனம் கூடும்போது தொலைபேசிச் சமிக்ஞை மெதுவாகிவிடும், “போய்விட்டது அண்ணை” என்று திரையைக் காட்டுவார்கள், காசு வந்ததற்கான குறுஞ்செய்தி உங்களுக்கு வந்திருக்காது. திரையில் காட்டும் படத்தை நம்பாதீர்கள், நேற்றைய படத்தையும் காட்டலாம். கியூஆருக்குத் தனி வரிசை வைத்து, கழகத் தொலைபேசிக்குச் செய்தி வந்த பிறகே கடதாசி ரிக்கட்டைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் மழையால் ஆட்டம் நின்றுவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?
— போட்டி ஏற்பாட்டாளர், சீனக்குடா

விதியை ரிக்கட்டின் பின்பக்கம் முன்பே அச்சடித்திருந்தால் வாக்குவாதமே வராது. இடைவேளைக்கு முன் நின்றால் கையிலுள்ள துண்டு மீள் ஆட்டத்துக்குச் செல்லும். இடைவேளைக்குப் பின் என்றால் செல்லாது. காசாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் வாங்காதவரும் வரிசையில் நிற்பார். அந்தத் துண்டில் திகதியும் இலக்கமும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு மை அச்சுப்பொறியில் அடித்தது நனைந்தால் கரைந்துவிடும். அச்சகத்திலோ லேசர் அச்சிலோ, கொஞ்சம் தடித்த கடதாசியில் அடிப்பியுங்கள்.