காசு கொடுத்தால் பிரிட்டனில் லார்டு ஆகிவிடலாமா?

கேள்வி இது: "பிரிட்டனில் கட்சிக்குப் பெரிய நன்கொடை கொடுத்தால் லார்டு பட்டம் கிடைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? பட்டத்தை விற்பதைத் தடுக்க அங்கே சட்டம் கிடையாதா?"

சட்டம் உண்டு. 1925-லிருந்தே உண்டு. பட்டம் வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்குவதும் குற்றம், அதற்காகப் பணம் கொடுப்பதும் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் இத்தனை காலத்தில் அந்தச் சட்டப்படி தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர்தான். இந்த நாட்டில் பல வருடங்களாக வாழ்ந்து, வரி கட்டி, ஓட்டுப் போடுகிற எனக்கு மனதை உறுத்துவது அதுதான். ஏன் ஒருவர் மட்டும் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அவர் பெயர் மாண்டி கிரெகரி. அவர் கதை லாயிட் ஜார்ஜிடமிருந்து தொடங்குகிறது. 1916-ல் லாயிட் ஜார்ஜ் பிரதமரானபோது லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. கட்சியின் கஜானா பழைய தலைவர் ஆஸ்குவித் பக்கம் தங்கிவிட்டது. நாற்காலி லாயிட் ஜார்ஜிடம், பணம் எதிர் அணியிடம். தேர்தலுக்குத் தனியாக நிதி சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. பிரதமரின் கையில் தாராளமாக இருந்தது பட்டங்கள்தான். சர் பட்டம் சுமார் 10,000 பவுண்டு, வாரிசுக்கும் தொடரும் பாரனெட் பட்டம் 30,000, லார்டு பட்டம் 50,000-க்கு மேல் என்று விலை பேசப்பட்டது. இந்த வியாபாரத்தின் இடைத்தரகர்களில் பேர்போனவர்தான் கிரெகரி. பாராளுமன்றத் தெருவிலேயே அலுவலகம் வைத்திருந்தார்.

1922-ல் விஷயம் வெடித்தது. ஜோசப் ராபின்சன் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளியின் பெயர் லார்டு பட்டப் பட்டியலில் வந்தது. தன் கம்பெனியின் பங்குதாரர்களை ஏமாற்றி லாபம் பார்த்ததற்காகச் சுமார் 5 லட்சம் பவுண்டு கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த ஆள் அவர். அந்த மேல்முறையீடு லண்டனில் தள்ளுபடியாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லார்டுகள் உட்காரும் பாராளுமன்ற மேல்சபையான பிரபுக்கள் சபையில் பெரிய கொந்தளிப்பு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பிரதமருக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். கடைசியில் ராபின்சன் தானாகவே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அதே வருடம் அக்டோபரில் லாயிட் ஜார்ஜ் பதவியிழந்தார். அப்புறம் ராயல் கமிஷன் என்ற விசாரணைக் குழு, அதன் பிறகு 1925 சட்டம்.

சட்டம் வந்த பிறகும் கிரெகரி தொழிலை விடவில்லை. 1933-ல் ஒரு முன்னாள் கடற்படை அதிகாரியிடம் சர் பட்டத்துக்கு விலை பேச, அவர் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார். வழக்கு வந்தது. கிரெகரி வாயைத் திறந்தால் யார் யார் பட்டம் வாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சாட்சி விசாரணை நீளாமல் வழக்கு முடிந்தது. 2 மாதச் சிறை, 50 பவுண்டு அபராதம். வெளியே வந்ததும் பிரான்சுக்குப் போனார். கன்சர்வேடிவ் கட்சிப் பிரமுகர்கள் பணம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இப்போது 2006-க்கு வருவோம். 5,000 பவுண்டுக்கு மேல் கட்சிக்கு நன்கொடை வந்தால் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற விதியை டோனி பிளேர் அரசே கொண்டுவந்திருந்தது. ஆனால் சந்தை வட்டிக்கு வாங்கும் கடனை அப்போது அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. 2005 தேர்தலுக்காக லேபர் கட்சி பணக்காரர்களிடமிருந்து ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டு கடனாக வாங்கியது. வெளியே சொல்லவில்லை. கட்சியின் பொருளாளரே தனக்குத் தெரியாது என்றார். அப்படிக் கடன் கொடுத்தவர்களில் சிலரைப் பிளேர் பிரபுக்கள் சபைக்குப் பரிந்துரைத்தார். பெயர்களைச் சரிபார்க்க 2000-ல் ஏற்படுத்தப்பட்ட நியமன ஆணையம் அவர்களைத் தடுத்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எம்.பி. ஒருவர் புகார் கொடுக்க, லண்டன் போலீசான ஸ்காட்லாந்து யார்டு இறங்கியது. 136 பேரை விசாரித்தார்கள். கட்சிக்கு நிதி திரட்டிய லார்டு லெவி கைதானார். பதவியில் இருக்கும் பிரதமர் ஒருவரைக் குற்ற விசாரணையில் போலீஸ் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை, சாட்சியாகத்தான் என்றாலும்.

2007 ஜூலையில் அரசு வழக்கறிஞர் துறை யார்மீதும் வழக்கில்லை என்று முடித்தது. அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: இந்தப் பணத்துக்கு இந்தப் பட்டம் என்று இரு தரப்பும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பேசி முடித்ததற்கு ஆதாரம் வேண்டும்.

அதை யார் பேசப்போகிறார்கள்? கிரெகரி மாதிரித் தெருவில் நின்று விலை சொல்பவருக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். பெரிய இடங்களில் பேச்சே தேவையில்லை. ஒருவர் பல வருடங்கள் கட்சிக்குக் கொடுக்கிறார், பொருளாளராகிறார், பிரதமரோடு விருந்து சாப்பிடுகிறார், ஒருநாள் பட்டியலில் பெயர் வருகிறது. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சட்டப்படி எல்லாம் சுத்தம். சுமார் இருபது வருடங்களில் கன்சர்வேடிவ் கட்சியின் முக்கியப் பொருளாளர்களாக இருந்த 16 பேரில் 15 பேருக்குப் பிரபுக்கள் சபையில் இடம் தர முன்வந்தார்கள் என்று 2021-ல் சண்டே டைம்ஸ் எழுதியது.

அந்த நியமன ஆணையம் தடுக்காதா என்று கேட்பீர்கள். அதற்கு ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம். 2020 டிசம்பரில் பீட்டர் கிரடாஸ் என்ற முன்னாள் பொருளாளரின் பெயரை ஆணையம் ஆதரிக்க மறுத்தது. போரிஸ் ஜான்சன் அதை மீறி அவரை லார்டு ஆக்கினார். ஒரு பிரதமர் ஆணையத்தை மீறியது அதுவே முதல் முறை. கிரடாஸ் மீதிருந்த பழைய குற்றச்சாட்டுகள் பொய்யென்று தெளிவாகிவிட்டன என்பது ஜான்சன் சொன்ன விளக்கம். 2021 பிப்ரவரியில் கிரடாஸ் சபையில் பதவியேற்ற சில நாட்களில் கட்சிக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். இதில் பேரம் நடந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பிரச்சினை வேறு. தடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஆணையத்தை ஒரு கடிதத்தால் ஒதுக்கிவிட முடிகிறதே, அது எப்படிச் சரியாகும்?

பணம் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பிரதமருக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரு வழி. 1976-ல் பிரதமர் ஹரால்டு வில்சன் பதவி விலகியபோது இவர்களுக்குப் பட்டம் கொடுங்கள் என்று கொடுத்த பட்டியலை இன்றும் 'லாவெண்டர் லிஸ்ட்' என்கிறார்கள். அவருடைய அரசியல் செயலர் மார்சியா ஃபால்கெண்டர் அதை லாவெண்டர் நிறத் தாளில் எழுதிக் கொடுத்தார் என்று வில்சனின் பத்திரிகைச் செயலர் ஜோ ஹெய்ன்ஸ் சொன்னார். மார்சியா அதைக் கடைசிவரை மறுத்தார். அந்தப் பட்டியலில் லார்டு ஆனவர் ஜோசப் கேகன், வில்சன் போடும் மழைக்கோட்டைத் தயாரித்தவர். 1980-ல் மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். முன்பே வாங்கியிருந்த சர் பட்டம் பறிபோனது, லார்டு பட்டம் போகவில்லை. தண்டனை முடிந்து திரும்பவும் சபைக்கு வந்தார். சர் பட்டத்தை மன்னர் ரத்து செய்யலாம். லார்டு பட்டத்தைப் பறிக்க வேண்டுமானால் பாராளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும்.

49 நாள் பிரதமராக இருந்த லிஸ் டிரஸ்கூட விலகல் பட்டியல் கொடுத்து மூன்று பேரை ஆயுள் முழுக்கச் சட்டமியற்றும் சபையில் உட்கார வைத்தார். இதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல நான் மெனக்கெடுவேன். ராவ் பகதூர், திவான் பகதூர் போல இது பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் அலங்காரம் மட்டும் அல்ல. லார்டு பட்டத்தோடு சபையில் இடம் வருகிறது. மசோதாவைத் திருத்தலாம், தாமதிக்கலாம், அமைச்சரைக் கேள்வி கேட்கலாம், போகும் நாளுக்குப் படி வாங்கலாம். யாரும் ஓட்டுப் போட்டு வரவில்லை, யாரும் ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது. எத்தனை பேரை நியமிக்கலாம் என்று பிரதமருக்குச் சட்டத்தில் வரம்பே கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சபையில் இடம் தராத எம்பிஇ, ஓபிஇ போன்ற கௌரவ விருதுகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும் பட்டியல்களில் பெரும்பாலோர் பள்ளி, மருத்துவமனை, தொண்டு வேலை என்று உழைத்த சாதாரண மக்கள். எங்கள் பகுதியில் உணவு வங்கி நடத்திவந்த ஒரு அம்மாவுக்காக நானும் சிலரும் சேர்ந்து விண்ணப்பம் எழுதினோம். அவருக்குத் தெரியாமல் அவர் செய்ததையெல்லாம் ஊரில் விசாரித்து, ஆதரவுக் கடிதங்கள் வாங்கி அனுப்பினோம். ஒரு வருடத்துக்கு மேல் சத்தமே இல்லை. அப்புறம் அதே வகையைச் சேர்ந்த பிஇஎம் பதக்கம் வந்தது. அதை மன்னரின் உள்ளூர்ப் பிரதிநிதியான லார்டு லெஃப்டினன்ட் வந்து கொடுத்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு இந்த அமைப்பையே ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால்தான் ஆலன் பேட்ஸ் செய்தது எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. தபால் துறையின் ஹொரைசன் கணினி செய்த தவறுக்காகத் திருட்டுப் பழி சுமந்த துணை அஞ்சல் அதிகாரிகளுக்காக இருபது வருடம் போராடியவர். 2023-ல் அவருக்கு ஓபிஇ தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். அந்தத் துறையின் முன்னாள் தலைவி பவுலா வெனல்சுக்கு 2019-ல் அதைவிட உயர்ந்த சிபிஇ கொடுத்திருந்தார்கள், அது அவரிடமே இருந்தது. 2024 ஜனவரியில் இந்த விவகாரம் பற்றித் தொலைக்காட்சித் தொடர் வந்து, அந்த சிபிஇயைப் பறிக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட பிறகுதான் வெனல்ஸ் திருப்பித் தருவதாக அறிவித்தார். பிப்ரவரியில் மன்னர் அதை ரத்து செய்தார். ஜூனில் பேட்ஸுக்குச் சர் பட்டம் வந்தது.

என் கருத்து இதுதான்: கௌரவம் வேறு, பாராளுமன்ற இடம் வேறு என்று பிரித்துவிட வேண்டும். நன்கொடையாளரைப் பாராட்ட வேண்டுமா, பதக்கம் கொடுங்கள். சபையில் உட்கார வைக்க வேண்டாம். அதுவரைக்கும் ஆணையத்தின் 'முடியாது' என்பது சட்டப்படி முடியாது என்றாக வேண்டும். சபைக்கு 600 உறுப்பினர், ஒருவருக்கு 15 வருடம் என்ற வரம்பை 2017-லேயே லார்டு பர்ன்ஸ் குழு சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த மசோதா வாரிசு உரிமையில் சபைக்கு வந்த பரம்பரை லார்டுகளை வெளியேற்றத்தான். பிரதமரின் நியமன அதிகாரத்தை அது தொடவில்லை.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. நல்லது செய்த யாருக்காவது எம்பிஇ கேட்டு எழுத நினைத்தால், படிவம் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது, செலவு கிடையாது. பட்டம் உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள். 1925 சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது.