ஸ்டேட்டருக்குள் வயர் அசையக் கூடாது: மோட்டார் ரீவைண்டிங் கேள்வி-பதில்

கேள்வி: 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டி மூன்றே மாதத்தில் மறுபடி போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு ஸ்லாட்டின் (காயில் உட்காரும் பள்ளத்தின்) வாயில்தான் கருகல். மற்ற காயில்கள் எல்லாம் புதுசாகப் பளபளக்கின்றன. வயர் நல்ல தரமான வயர்தான். பிறகு ஏன் இப்படி?

பதில்: கருகல் இருக்கும் இடமே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். எல்லா காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்டம் இல்லை. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் முழுசாகக் கருகி ஒன்று மட்டும் தப்பியிருந்தாலும், டெல்டாவில் ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தாலும் சிங்கிள் பேஸிங், அதாவது மூன்று பேஸில் ஒன்று வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. ஒரே புள்ளியில் கருகி மற்றதெல்லாம் புதுசாக இருந்தால், அந்த இடத்தில் வயர் மேல் பூசிய எனாமல் காப்பு போயிருக்கிறது. வயரை ஸ்லாட்டுக்குள் தள்ளும்போதே உரசிப் போயிருக்கலாம். இல்லையென்றால் மோட்டார் ஓடும்போது வயர் ஆடி ஆடித் தேய்ந்திருக்கும். மூன்று மாதம் ஓடிய பிறகு போனதால் இரண்டாவது காரணத்தையே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வயர் ஏன் ஆடுகிறது? கரண்டு ஓடும் வயர்கள் ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். நம் சப்ளை 50 சைக்கிள் என்பதால் இந்த விசை வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஸ்லாட்டுக்குள் இருக்கும் வயர் பெரும்பாலும் ஸ்லாட்டின் அடியை நோக்கி இழுக்கப்பட்டு, விசை விட்டதும் மீண்டு வரும். இதற்கு மேல் ஸ்டார்ட்டிங் நேரம் இருக்கிறது. நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் முழுலோடு கரண்டைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். விசையோ கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. அதாவது ஆறு மடங்கு கரண்டுக்கு முப்பத்தாறு மடங்கு விசை. கரண்டு வந்து வந்து போகும் ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஒரு நாளைக்கு எத்தனை முறை மோட்டாரைத் தூக்குகிறதோ, அத்தனை முறை இந்த உதை காயில் மேல் விழுகிறது.

ஸ்லாட்டின் வாய்தான் இதில் மிகவும் பாதிக்கப்படும் இடம். உள்ளே பிடிப்போடு இருக்கும் வயர் அங்கேதான் வளைந்து வெளியே வருகிறது. ஸ்டாம்பிங் (ஸ்டேட்டரின் இரும்புத் தகடு) விளிம்போ கத்தி மாதிரி. உங்கள் மோட்டாரில் பார்க்க வேண்டியவை: ஸ்லாட்டுக்குள் விரித்த காப்புப் பேப்பர், கோரைத் (அந்தத் தகடுகளின் அடுக்கை) தாண்டி இரு பக்கமும் 6 முதல் 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறதா, அந்த நுனி மடித்துக் காலர் மாதிரி விடப்பட்டிருக்கிறதா, வயரை ஸ்லாட்டுக்குள் அழுத்திப் பிடிக்கும் ஆப்பை விரலால் தள்ளினால் நகர்கிறதா. கருகாத ஸ்லாட் வாய்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வயர் மேல் வெளிர் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் அது தேய்மானத் தூள். அந்த ஸ்லாட்டுகளும் எரியக் காத்திருந்தவைதான்.

இனி கட்டும்போது இந்த வரிசையை மறக்க வேண்டாம்: முதலில் ஸ்லாட்டுக்குள் இறுக்கம், அடுத்து ஆப்பு, அடுத்து நூல் கட்டு, கடைசியில்தான் வார்னிஷ். தொளதொளவென்று இருக்கும் காயிலை வார்னிஷ் பிடித்து நிறுத்தும் என்று நம்பித்தான் பல மோட்டார்கள் திரும்பி வருகின்றன.

கேள்வி: ஸ்லாட்டில் வயர் முழுசாக இறங்கிய பிறகும் மேலே இடம் மிஞ்சுகிறது. தடிமனான ஆப்பு போட்டு இறுக்கிவிடலாமா?

பதில்: இடம் ஏன் மிஞ்சியது என்று முதலில் பாருங்கள். பழைய காயிலில் இருந்த கேஜும் (வயரின் தடிமன் எண்; எண் கூடினால் வயர் மெலியும்) சுற்றும் அப்படியே இருக்கின்றனவா? 21 கேஜுக்குப் பதில் 22 போட்டால் செம்பின் பரப்பு சுமார் 23 சதவீதம் குறைகிறது. அதே கரண்டுக்கு வயரில் உண்டாகும் சூடு 30 சதவீதம் கூடுகிறது. அந்த மோட்டாரை எந்த ஆப்பும் காப்பாற்றாது. பழைய எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்து, சரியான கேஜில் மறுபடி சுற்றுவதுதான் வழி.

கேட்ட கேஜ் கடையில் இல்லை என்றால் இரண்டு வயரைச் சேர்த்துச் சுற்றலாம். 18 கேஜ் ஒன்றுக்கு 20-ல் ஒன்றும் 21-ல் ஒன்றும் சேர்த்தால் பரப்பு கிட்டத்தட்ட அப்படியே வரும். மெல்லிய வயர் என்பதால் ஸ்லாட்டில் படிந்தும் உட்காரும்.

கேஜும் சுற்றும் சரியாக இருந்தும் இடம் மிஞ்சினால், ஆப்புக்கு அடியில் பேப்பர் பட்டையோ ஃபைபர் கிளாஸ் பட்டையோ வைத்து நிரப்புங்கள். பட்டை ஸ்லாட்டின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஆங்காங்கே சின்னத் துண்டுகளைச் செருகினால் இடையில் உள்ள வயர் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: மூங்கில் ஆப்பா, ஃபைபர் கிளாஸ் ஆப்பா?

பதில்: நன்றாக உலர்த்தி வார்னிஷில் ஊறிய மூங்கில், சாதாரணச் சூட்டில் ஓடும் சின்ன மோட்டாருக்கு இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறது. பச்சை மூங்கில்தான் ஆபத்து. அடுப்புச் சூட்டில் ஈரம் வற்றிச் சுருங்கிவிடும், இறுக்கமாக அடித்த ஆப்பு கையோடு வரும். எஃப் கிளாஸ், அதாவது 155 டிகிரி தாங்க வேண்டிய மோட்டாருக்கு எபாக்ஸி ஃபைபர் கிளாஸ் ஆப்பே போடுங்கள். விலை வித்தியாசம் ஒரு மோட்டாருக்கு மிகச் சொற்பம்.

எதைப் போட்டாலும் அளவு முக்கியம். ஆப்பு கோரைவிட இரு பக்கமும் 2, 3 மி.மீ. நீளம், பேப்பரைவிடக் குட்டை. பேப்பரைத் தாண்டி நீண்டால் வளையும் இடத்தில் வயரைக் குத்தும். மேல் முகம் ஸ்டேட்டரின் உள்வட்டத்தைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். சின்ன மோட்டார்களில் ரோட்டாருக்கும் கோருக்கும் உள்ள இடைவெளி அரை மி.மீ.கூட இருக்காது, துருத்திய ஆப்பை ரோட்டார் சீவிவிடும். விரலால் பாதி தூரம் தள்ளி, மீதியைச் சின்ன மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி ஏற்றும் இறுக்கம் போதும். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்துத்தான் ஏறுகிறது என்றால் அடியில் பேப்பர் மடிந்து கிழிகிறது என்று அர்த்தம்.

கேள்வி: வெளியே நிற்கும் காயில் தலைப்பைக் கட்ட கேபிள் டை போடலாமா? தூண்டில் நரம்பு நன்றாக இழுபடுகிறதே, அதில் கட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண நைலான் கேபிள் டை தொடர்ந்து 85 டிகிரி வரைதான் தாங்கும். காயிலின் சூடு அதைத் தாண்டினால் நொறுங்கிவிடும். உடைந்த துண்டு ரோட்டார் பக்கம் விழுந்தால் அது வேறு வம்பு. தூண்டில் நரம்பு வழவழப்பானது, முடிச்சு வழுக்கும், வார்னிஷை உறிஞ்சாது. உருண்டையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் இழுத்துக் கட்டிய இடத்தில் எனாமலை அறுத்துக்கொண்டு இறங்கும். பி.வி.சி. டேப்பும் கூடாது, சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும்.

பாலியெஸ்டர் கட்டு நூல் வாங்குங்கள். தட்டையாகப் பின்னிய நாடா கிடைத்தால் இன்னும் நல்லது. சூட்டில் சுருங்கும் வகையும் உண்டு. அடுப்பில் வைத்ததும் தானே இறுகிக்கொள்ளும். காட்டன் டேப் வார்னிஷை நன்றாக உறிஞ்சும் என்பதால் வார்னிஷ் போடும் சின்ன மோட்டாருக்கு அதுவும் ஏற்றதுதான்.

கட்டும் முறை: முதலில் இரண்டு பேஸ் காயில்களைப் பிரிக்கும் பேஸ் பேப்பர் எல்லா இடத்திலும் ஸ்லாட் வாய் வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேஸ் முடிந்து அடுத்த பேஸ் தொடங்கும் இடத்தில்தான் தள்ளுவிசையும் அதிகம், வோல்டேஜ் வித்தியாசமும் அதிகம். தலைப்பை மரக்கட்டையால் தட்டி வட்டமாக ஒதுக்குங்கள். பிறகு ஊசியில் நூல் கோத்து ஸ்லாட்டுக்கு ஒரு சுற்றாக, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றுக்குள் விட்டு இழுத்துப் பூட்டிக்கொண்டே போங்கள். பூ தொடுக்கும்போது ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக நிற்கிறதே, அப்படி நிற்க வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றக் கட்டு தளராது. இரண்டு ஸ்லாட்டுக்கு ஒரு கட்டு என்று சிக்கனம் பிடிப்பவர்கள் பேஸ் மாறும் இடங்களிலாவது தவறாமல் கட்டுங்கள். கனெக்ஷன் இல்லாத பக்கத்தைக் கட்டாமல் விடுவதைப் பரவலாகப் பார்க்க முடிகிறது. அந்தப் பக்கமும் அதே உதையைத்தான் வாங்குகிறது.

கேள்வி: வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசி ஒரு நாள் வெயிலில் வைத்தால் போதாதா? எங்கள் ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: போதாது. பிரஷ்ஷில் பூசினால் தலைப்பின் மேல்தோல்தான் நனையும். ஸ்லாட்டின் நடுவில் இருக்கும் வயருக்கு ஒரு சொட்டும் போகாது. வார்னிஷின் முதல் வேலை வயர்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாக்குவது. இரண்டாவது, வயருக்கு இடையில் உள்ள காற்றை அகற்றிச் சூட்டைக் கோருக்குக் கடத்துவது. ஈரம் புகாமல் தடுப்பது அதற்கு அடுத்துதான். உள்ளே போகாத வார்னிஷ் முதல் இரண்டையும் செய்யாது.

சரியான முறை இது. ஸ்டேட்டரை 110–120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்து ஈரத்தை விரட்டுங்கள். 50–60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அதைவிடச் சூடாக முக்கினால் தின்னர் உடனே ஆவியாகி வார்னிஷ் ஸ்லாட் வாயிலேயே கெட்டியாகிவிடும். முழுக்க ஆறவிட்டால் உள்ளே இறங்கும் வேகம் போய்விடும். செங்குத்தாக நிறுத்தி மெதுவாக முக்குங்கள். குமிழி வருவது முழுசாக நிற்கும் வரை, ஏறத்தாழ 15–20 நிமிடம், அப்படியே இருக்கட்டும். எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வடியவிட்டு, உள்வட்டத்தையும் எண்டு கவர் உட்காரும் விளிம்பையும் தின்னர் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் ஆப்பும் சேர்ந்து சேதமாகும்.

அடுப்பில் எடுத்தவுடன் முழுச்சூடு கூடாது. 80–90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தின்னர் வெளியேறிய பிறகு, 130–140 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம். டின் மேல் வேறு கணக்கு போட்டிருந்தால் அதுதான் சரி. நேராக முழுச்சூட்டில் வைத்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே தின்னர் சிக்கிக் கொப்புளம் போடும். அடுப்புக்கு ஆவி வெளியேறும் புகைபோக்கி கட்டாயம்; அடைத்த டிரம்முக்குள் குண்டு பல்பு போட்டு வார்னிஷ் காய வைப்பது தீ விபத்துக்கு வழி. இரண்டாம் முக்கலில் ஸ்டேட்டரைத் தலைகீழாக நிறுத்தி வடியவிட்டால் இரு பக்கமும் சமமாகப் படியும்.

அடுப்பே இல்லாதவர்கள் முதல் ஈரம் நீக்கலையாவது திறந்த இடத்தில் காயிலுக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்துச் செய்யலாம். பெயர்ப்பலகை ஆம்பியரில் பாதியில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், முழு ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிட வேண்டியதில்லை. 30 டிகிரியில் காயில் 1 ஓம் காட்டினால், சப்ளையை நிறுத்தியதும் அளக்கும்போது 1.3 ஓம் காட்டும் நேரத்தில் சூடு 110 டிகிரி.

கேள்வி: போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்கும் இதே மாதிரி வார்னிஷ் விட வேண்டுமா?

பதில்: தண்ணீர் நிரப்பி ஓடும் மோட்டாருக்கு விடவே கூடாது. அதில் இருப்பது பிளாஸ்டிக் உறை சுற்றிய வயர். தின்னர் அந்த உறையைக் கெடுக்கும். வயருக்கு இடையில் தண்ணீர் புகுந்து சூட்டை எடுத்துப் போக வேண்டிய வழியையும் வார்னிஷ் அடைத்துவிடும். எண்ணெய் நிரப்பும் மோட்டார்களில் எனாமல் வயரும் வார்னிஷும் உண்டு, ஆகவே எந்த வகை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தண்ணீர் மோட்டாரில் பிடிப்பு முழுக்க ஸ்லாட் நிரப்பலையும் நூல் கட்டையும் நம்பியே இருக்கிறது. காட்டன் நூல் தண்ணீரில் இற்றுப்போகும், பாலியெஸ்டரோ நைலான் பின்னல் நாடாவோதான் சரி. நாடா உறைக்குள் பதியும் அளவுக்கு இழுக்காமல், கட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். வயரை ஸ்லாட் வழியாக இழுக்கும்போது கோர் முனையில் உராயாமல் குழாய்ப் பேப்பர் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டி முடித்த ஸ்டேட்டரை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய நிலையிலேயே மெக்கர் (காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். உறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: அரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் லீடு அடிக்கடி அறுகிறது.

பதில்: லீடைக் காயிலோடு கட்டாமல் தொங்கவிட்டிருப்பார்கள். பற்றுவைத்த இடத்தில் வயர் விறைத்துவிடும், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அறுகும். ஜாயிண்டைத் தலைப்பின் மேல் படுக்கவைத்து, ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஜாயிண்டைத் தாண்டி இரு பக்கமும் 25 மி.மீ. போர்த்தும்படி ஏற்றி, ஜாயிண்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டு போடுங்கள். வெளியே போகும் லீடு பல இழை வயராக இருக்கட்டும். வெளியிலிருந்து யாராவது இழுத்தால் இழுவை கட்டில் நிற்க வேண்டும், ஜாயிண்டுக்குப் போகக் கூடாது. விலை குறைந்த மோட்டார்களில் அலுமினிய வயர் வருகிறது. சுரண்டிப் பார்த்து வெள்ளையாக இருந்தால் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது, அழுத்தி இணைக்கும் ஃபெரூல் போடுங்கள்.

கேள்வி: வி.எஃப்.டி.யில் (வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவில்) ஓடும் மோட்டாருக்கு ரீவைண்டிங்கில் தனிக் கவனம் வேண்டுமா?

பதில்: வேண்டும். 415 வோல்ட் சப்ளையில் டிரைவுக்குள் டி.சி. சுமார் 587 வோல்ட். கேபிள் நீளமாக இருந்தால் மோட்டார் முனையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 1,170 வோல்ட் வரை துடிக்கும், அதில் பெரும்பங்கு முதல் காயிலின் முதல் சில சுற்றுகளில் விழும். அங்கே வயருக்கு இடையில் காற்றுக் குமிழி இருந்தால் நுண்ணிய மின்கசிவு எனாமலை அரிக்கும். இன்வெர்ட்டர் கிரேடு வயர், இரண்டு முறை முழு முக்கல், லீடு இறங்கும் முதல் சுற்றுக்கு ஸ்லீவ் ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூடுவதற்கு முன் காயில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முழுக்க ஆறிய பிறகு ஃபைபர் குச்சியால் தலைப்பைச் சுற்றித் தட்டுங்கள். கட்டையைத் தட்டுவதுபோல் ஒரே சீரான ஒலி வர வேண்டும். எங்காவது பொத்தென்று கேட்டால் அங்கே வார்னிஷ் இறங்கவில்லை. மறுபடி முக்குங்கள். ஒவ்வொரு ஆப்பையும் கட்டைவிரலால் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். தலைப்புக்கும் எண்டு கவருக்கும் இடையில் குறைந்தது 8–10 மி.மீ. இருக்க வேண்டும். பழைய காயிலை வெட்டுவதற்கு முன்பே அதன் உயரத்தை அளந்து எழுதிவைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. கடைசியாக 500 வோல்ட் மெக்கர்: பாடிக்கும் காயிலுக்கும் 5 மெகா ஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. புதிதாகக் கட்டி அடுப்பில் காய்ந்த ஸ்டேட்டர் 100-க்கு மேல் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் அதே அடுப்பில் இன்னும் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.